ஹெரால்டுக்குப் புது கார்ப்பெட்: கியர் ராடைச் சுற்றி எப்படி வெட்டுவது, ஒட்டலாமா கூடாதா?

ஹெரால்டு_66 (குரோம்பேட்டை)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு, 948 சிசி, நம்ம மெட்ராஸிலேயே செய்த வண்டி. பெரியப்பா ஓட்டியது, இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. டிங்கரிங், பெயின்ட் எல்லாம் முடிந்துவிட்டது. சீட்டுகள் குஷன் கடையில் இருக்கின்றன, உள்ளே வெறும் தகரம். சீட்டு திரும்பி வருவதற்குள் தரைக்குக் கார்ப்பெட் போட்டுவிடலாம் என்று ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். பாதிப் பேர் 7டி மேட்டைத்தான் (புது கார்களுக்கு வருகிற தோல் மாதிரி மிதியடி) எடுத்துக் காட்டுகிறார்கள். ஒருவர் மட்டும் வண்டியை வந்து பார்த்தார். இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை ஒரே துண்டு, கியர் ராடு வரும் இடத்தில் ஒரு வட்டம், அடியில் முழுக்கப் பசை, அரை நாள் வேலை சார் என்றார். அரை நாள் என்றதும்தான் எனக்குச் சந்தேகமே வந்தது.

நடுவில் அந்த மேடு நேராக இல்லை. முன்னால் அகலம், பின்னால் குறுகல், மேலே கியர் ராடு, அதற்குப் பின்னால் ஹேண்ட் பிரேக். இதன் மேல் ஒரே துண்டு சுருக்கமில்லாமல் உட்காருமா? வட்டமாகத்தான் வெட்ட வேண்டுமா? பசை போடலாமா? போட்டவர்கள் சொல்லுங்கள்.

பட்டறை_பழனி (கோவை)

தம்பி, அந்த ஆளுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடவில்லையே? மற்ற வண்டிக்கு அவர் சொல்வது ஓடும். ஹெரால்டுக்கு ஓடாது.

காரணம் சொல்கிறேன். ஹெரால்டில் கியர்பாக்ஸ் கீழே இறங்காது, உள்ளே ஏறித்தான் வரும். சீட்டைக் கழற்று, கார்ப்பெட்டை எடு, நடுமேட்டின் முன்பாதி கவரைக் கழற்று, புரொபெல்லர் ஷாஃப்ட்டைப் பிரி, பெல் ஹவுசிங் போல்ட்டுகளை எடு, அப்புறம் இரண்டு பேர் பிடித்து இடது பக்கக் கதவு வழியாகத் தூக்கி வெளியே வை. நீ மேடு என்கிறாயே, அதன் முன்பாதி தகரமே கிடையாது, தனியாகக் கழன்று வருகிற மூடி. கிளட்ச் பிளேட் மாற்றவும் இதே வேலைதான். கதவுக்குக் கதவு ஒரே துண்டாக ஒட்டிவிட்டால் முதல் கிளட்ச் வேலையிலேயே மெக்கானிக் பிளேடு எடுத்துக் கிழிப்பான். அவனையும் குறை சொல்ல முடியாது, வேறு வழியில்லை.

அதனால் நீ முதலில் முடிவு செய்ய வேண்டியது இது எப்படிக் கழன்று வரும் என்பதை. அழகு, சுருக்கம், துணி எல்லாம் அதற்கு அப்புறம்.

பாண்டி_அம்பாசடர் (புதுச்சேரி)

கார்ப்பெட்டே எதற்கு என்று கேட்கிறேன். நம் ஊர் புழுக்கத்துக்கு, மழையில் நனைந்த செருப்போடு ஏறுகிற பழக்கத்துக்கு, ரப்பர் மேட்தான் சரி. துடைத்தால் போயிற்று. என்னிடம் இருப்பது அம்பாசடர் 1800 ஐஎஸ்இசட், இசுசூ எஞ்சின், ஐந்து கியர். ஸ்டீயரிங்கில் இருந்த கியர் தரைக்கு வந்த மாடல். அதில் பழைய ஓனர் கார்ப்பெட் போட்டிருந்தார். தூக்கிப் பார்த்தால் அடியில் சணல் பட்டை ஊறிப்போய்க் கிடக்கிறது, அதற்கும் அடியில் தரை சல்லடை.

ஹெரால்டு_66 (குரோம்பேட்டை)

பழனி அண்ணே, அட்வான்ஸ் கொடுக்கவில்லை, தப்பித்தேன். கவர் தனியாகக் கழன்று வரும் என்பது இப்போதுதான் தெரியும். பெயின்ட் அடித்தவர்கள் அதையும் சேர்த்துக் கறுப்பு அடித்து வைத்திருக்கிறார்கள், பார்த்தால் தகரம் மாதிரிதான் இருக்கிறது.

பாண்டி சார், ரப்பர் மேட் நல்லதுதான், ஆனால் சத்தம் தாங்கவில்லை. வெறும் தகரத்தில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன், பக்கத்தில் இருப்பவரோடு கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது.

வேலூர்_கெஸல் (வேலூர்)

பழனி அண்ணா சொன்னது முழுக்கச் சரி, ஆனால் "ஒட்டவே கூடாது" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் ஸ்டாண்டர்டு கெஸல் வைத்திருக்கிறேன், ஹெரால்டுக்கு அடுத்து 1972-இல் வந்தது, முன்பக்க அமைப்பு கிட்டத்தட்ட அதேதான். நான் செய்தது இது: கவரின் முதுகுப் பகுதியில் மட்டும் கார்ப்பெட்டை ஒட்டினேன். இரண்டு பக்கமும் கீழே இறங்குகிற ஓரத்தை, அதாவது கவரைத் தரையோடு பிடிக்கிற ஸ்க்ரூக்கள் இருக்கும் இடத்தை, பாவாடை மாதிரி ஒட்டாமல் தொங்கவிட்டேன். ஓரத்தைத் தூக்கினால் ஸ்க்ரூ தெரியும். கழற்றும்போது கார்ப்பெட்டும் கவரும் சேர்ந்தே ஒரே பொருளாக வந்துவிடும். ஹேண்ட் பிரேக் இருக்கும் பின்பாதி நிரந்தரத் தகரம், அதற்குத் தனித் துண்டு. இரண்டும் சேரும் கோடு கியர் பூட்டுக்கு (ராடின் அடியைச் சுற்றி மூடுகிற ரப்பர் உறை) பின்னால் வருகிறது, மேலே விளிம்பு தைத்து ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும்படி வைத்தால் கண்ணுக்குத் தெரியாது.

ஒட்டாமல் சும்மா போட்டால் கார்ப்பெட் நகரும். ஏறி இறங்கும்போது காலில் இழுபடும். அதனால்தான் சொல்கிறேன்.

லெஸ்டர்_அண்ணை (இங்கிலாந்து)

வணக்கம் எல்லாருக்கும். நான் வைத்திருப்பது ட்ரையம்ஃப் ஹெரால்ட் 13/60, இங்கே செய்தது, 1296 சிசி. உங்கள் வண்டியின் ஒன்றுவிட்ட அண்ணன் என்று வையுங்கோ. மிச்செலோட்டி வரைந்த அதே வடிவம், 1959-இல் இங்கே வந்தது, இரண்டு வருசத்தில் மெட்ராஸிலும் ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் தொடங்கிவிட்டார்கள்.

தம்பி, கார்ப்பெட் பற்றிக் கதைக்க முதல் அந்தக் கவரைக் கழற்றி வடிவாகப் பாருங்கோ. இங்கே வந்த வண்டிகளில் அது அழுத்திச் செய்த அட்டைதான். இத்தனை வருசமாக எண்ணெய் குடித்து, சூட்டில் காய்ந்து, ஸ்க்ரூ ஓட்டைகள் எல்லாம் கிழிந்து போயிருக்கும். இங்கே பிளாஸ்டிக்கிலும் ஃபைபர் கிளாஸிலும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், நான் பிளாஸ்டிக் போட்டேன். பழைய அட்டையின் மேல் புதுக் கார்ப்பெட்டை ஒட்டினீர்கள் என்றால் அட்டை போகும்போது கார்ப்பெட்டும் போகும். வேலூர்த் தங்கச்சி சொன்ன முறை நல்லது, ஆனால் கவர் நல்ல நிலையில் இருந்தால் மட்டும்.

கவரைத் திறந்த கையோடு கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரையும் பாருங்கோ, அதற்கு அடியில் ஈரம் இருக்கிறதோ என்று. பிறகு கிளட்ச் பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டர். அது கசிந்தால் ஃப்ளூயிட் பெடல் தண்டு வழியாக வழிந்து நேரே உங்கள் புதுக் கார்ப்பெட்டில்தான் விழும். பெயின்டையும் தின்னும். விரலால் தடவிப் பார்த்தால் பிசுபிசுப்பு தெரியும்.

இன்னொன்று. இந்த வண்டியின் பொடி (body) ஒரே துண்டு இல்லை. முன்தரை ஒரு பாகம், பின்தொட்டி ஒரு பாகம், இரண்டையும் போல்ட் போட்டுச் சேர்த்திருக்கிறார்கள். அந்த மூட்டில் சீல் செத்திருந்தால் கீழேயிருந்து தண்ணி வரும். விண்ட்ஸ்கிரீன் ரப்பரிலும் வரும். தோட்டத்துக் குழாயைப் பிடித்து மேலேயும் கீழேயும் அடித்துப் பாருங்கோ, காய்ந்த தரையோடுதான் கார்ப்பெட் வேலை.

ஹெரால்டு_66 (குரோம்பேட்டை)

கழற்றிவிட்டேன். லெஸ்டர் அண்ணை கண்ணால் பார்த்த மாதிரி சொல்லியிருக்கிறீர்கள். அட்டைதான். இடது பக்கக் கீழ் ஓரம் உள்ளங்கை அளவுக்கு உடைந்திருக்கிறது, எண்ணெயில் ஊறி விரலால் அமுக்கினால் அமுங்குகிறது. கவருக்கும் தரைக்கும் நடுவில் ஏதோ ஸ்பாஞ்சு இருந்திருக்கிறது, தொட்டதும் பொடியாகிவிட்டது. கிளட்ச் பக்கம் ஈரம் இல்லை. தண்ணீர் அடித்ததில் பின்பக்கம் ஒன்றும் வரவில்லை, ஆனால் டிரைவர் பக்க விண்ட்ஸ்கிரீன் மூலையிலிருந்து மெல்லிதாக ஒரு கோடு இறங்குகிறது.

இங்கே அந்தக் கவர் எங்கே கிடைக்கும்? புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளில் கேட்டேன், சிரிக்கிறார்கள்.

பட்டறை_பழனி (கோவை)

தேடி அலையாதே. பழைய கவரையே அச்சாக வைத்து ஃபைபர் வேலை செய்பவரிடம் கொடு. உடைந்த ஓரத்தை அட்டை வைத்து, டேப் ஒட்டி, வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு மேலே மெழுகு தேய்த்து ஃபைபர் மேட்டும் ரெசினும் போட்டுத் தருவார். பழையதை விட ஒரு சுற்று பெரிதாக வரும், அதனால் முன்னால் பல்க்ஹெட்டில் (எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கிற தடுப்பு) உட்காரும் ஓரத்தை மட்டும் வைத்துப் பார்த்துத் தேய்க்க வேண்டியிருக்கும். கியர் ராடு ஓட்டையை அவரை வெட்டச் சொல்லாதே. கவரை வண்டியில் வைத்து, எல்லா ஸ்க்ரூவும் பிடித்த பிறகு நீயே வெட்டு.

ஸ்பாஞ்சுக்குப் பதில் கடையில் கதவு ஓரத்துக்கு ஒட்டுகிற ரப்பர் ஃபோம் டேப் கிடைக்கும், அதைச் சுற்றிலும் ஒட்டு. இதை விட்டுவிட்டால் நீ எத்தனை கார்ப்பெட் போட்டாலும் சூடும் சத்தமும் புகையும் அந்த இடுக்கு வழியாக உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். ஹெரால்டில் கால் சுடுகிறது என்று சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வண்டியில் இந்த சீல்தான் இருக்காது.

தரையில் துரு இருந்த இடத்தை வயர் பிரஷ் போட்டு, துரு மாற்றும் திரவம் தடவி, எபாக்ஸி பிரைமர் அடி. வெறும் ரெட் ஆக்சைடோடு விடாதே, அது ஈரத்தை உள்ளே விடும். விண்ட்ஸ்கிரீன் ரப்பரை மாற்று. சீலன்ட் பிதுக்கி ஒப்பேற்றுவது ஒரு மழைக்கு வரும், அவ்வளவுதான்.

ரெக்சின்_ராஜா (மதுரை)

இப்போது என் ஏரியா. அப்பா காலத்திலிருந்து குஷன் வேலை, பழைய வண்டிகள்தான் அதிகம்.

முதலில் துணி. லூப் கார்ப்பெட் (நூல் வெட்டாமல் வளையம் வளையமாக நிற்பது) அழகு, பழைய வண்டிக்குப் பொருந்தும், ஆனால் வளைவில் படியாது, தைத்துத்தான் வடிவம் கொண்டுவர வேண்டும். நீடில் பஞ்ச் என்று ஃபெல்ட் மாதிரி ஒன்று வருகிறது, அது இழுத்த பக்கம் வரும், கையால் தேய்த்தே வளைவில் உட்கார வைக்கலாம், ஆனால் பார்க்க வேன் மாதிரி இருக்கும். என் ஓட்டு லூப்புக்கு. எதை வாங்கினாலும் பின்பக்கம் ரப்பர் பூச்சு இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் வெட்டிய ஓரம் பிரியும்.

ஒரே துண்டு மேட்டில் உட்காருமா என்று கேட்டீர்கள். உட்காராது. முன்பக்கம் அகலமும் பின்பக்கம் குறுகலுமாக இருக்கிற மேட்டில் தட்டையான துணியைப் போட்டால் எங்காவது மிச்சம் சேரத்தான் செய்யும். அதனால் மேட்டுக்கு முதுகு ஒரு துண்டு, இடது கன்னம் ஒரு துண்டு, வலது கன்னம் ஒரு துண்டு, மூன்றையும் தைத்துச் சேர்த்து, தையலில் ரெக்சின் பைப்பிங் கொடுங்கள். பழைய காலண்டர் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மாதக் காலண்டர் தாள் கொஞ்சம் தடிமனாக இருப்பதால் நியூஸ் பேப்பரை விட நல்லது. மேட்டின் மேல் டேப் போட்டு ஒட்டி, மடிப்பு விழும் கோட்டை விரலால் அழுத்தி, பென்சில் போடுங்கள். வெட்டும்போது தையலுக்கு ஒரு சென்டிமீட்டரும், கீழ் ஓரத்துக்கு நாலு சென்டிமீட்டரும் கூட விடுங்கள். தாளில் முன்பக்கம் எது என்று ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள். லூப்புக்கு ஓட்டம் உண்டு, ஒரு துண்டு முன்னால் பார்த்தும் ஒரு துண்டு பின்னால் பார்த்தும் இருந்தால் ஒரே ரோலில் வெட்டியதே இரண்டு கலர் மாதிரி தெரியும்.

இப்போது கியர் ராடு. வட்டம் வெட்டாதீர்கள். வட்டம் வெட்டிவிட்டால் பெரிதாகிப்போனதைச் சின்னதாக்க முடியாது. கியர் நாபைக் கழற்றுங்கள், அடியில் ஒரு லாக் நட்டு இருக்கும், அதைத் தளர்த்தினால் நாப் சுற்றி வந்துவிடும். பூட்டையும் எடுங்கள். தைத்த கார்ப்பெட்டைப் பின்பக்கத்திலிருந்து மேட்டின் மேல் போட்டு, ராடின் நுனி துணியை முட்டுகிற இடத்தை அடியிலிருந்து சாக்பீஸால் தொட்டு வையுங்கள். அந்தப் புள்ளியில் கூட்டல் குறி மாதிரி ஒரு வெட்டு, ராடு நுழைகிற அளவுக்கு மட்டும். பிளேடு எப்போதும் பின்பக்கத்திலிருந்துதான் போக வேண்டும், லூப் பக்கத்திலிருந்து வெட்டினால் நூல் அறுந்து ஓரம் மொட்டையாகத் தெரியும். ராடு வழியாக இறக்கி, மேட்டில் கையால் அமுக்கி உட்கார வைத்த பிறகு நாலு முக்கோண நாக்கு மேலே நிற்கும். கவரில் இருக்கிற ஓட்டையின் விளிம்பு எங்கே என்று விரலால் தடவிக் கண்டுபிடித்து, ஒவ்வொரு நாக்காக, ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக நீட்டி வெட்டுங்கள். நாக்கை வெட்டி எறிய வேண்டாம், அடியில் மடித்துக் கவரின் உள்விளிம்பில் ஒட்டிவிடலாம். பிசிறும் வராது, ஓரம் தடித்து பூட்டுக்கு நல்ல பிடிமானமும் கிடைக்கும். அதன் மேல் ரப்பர் பூட், அதற்கு மேல் வளையம், ஸ்க்ரூ.

ஓட்டை எவ்வளவு தெரிந்தாலும் கவலை இல்லை, பூட்டின் வளையம் மூடுகிற அளவுக்குள் இருந்தால் போதும். ஆகவே பூட்டை முதலில் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அளந்து வெட்டுங்கள்.

மிச்சிகன்_மாணிக்கம் (டெட்ராய்ட் பக்கம்)

ராஜா தம்பி, அருமை. நான் வேறு உலகத்தில் இருக்கிறேன். 1969 ஷெவர்லே கமாரோ, மன்சி நாலு கியர், ஹர்ஸ்ட் ஷிஃப்டர். இங்கே வார்த்த கார்ப்பெட்டே கிடைக்கும். தரையின் வடிவத்துக்குச் சூட்டில் அழுத்தி எடுத்தது, முன்துண்டு ஒன்று பின்துண்டு ஒன்று. கேட்க சுகமாக இருக்கும். ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: நாலு கியர் மேனுவல் வண்டிக்கு மேட்டின் மேல் தனியாக ஒரு தகரத் திமில் உண்டு, ஆட்டோமேட்டிக்குக்கு அது கிடையாது. கார்ப்பெட் ஆர்டர் செய்யும்போது எது என்று சொல்லவில்லையென்றால் தவறான அச்சு வந்து சேரும், திமிலின் மேல் கூடாரம் போட்ட மாதிரி நிற்கும்.

அந்தக் காலத்து அமெரிக்க வண்டிகளில் 1973 வரை வந்தது 80/20 லூப், எண்பது பங்கு ரேயான், இருபது பங்கு நைலான். அதற்குப் பிறகு வெட்டிய நூல் நைலானுக்கு மாறிவிட்டார்கள். பெட்டியில் மடங்கி வருவதால் வெயிலில் விரித்து வைத்துச் சுருக்கத்தைப் போக்கித்தான் போட வேண்டும். முதலில் பின்துண்டு, அதன் மேல் ஏறுகிறபடி முன்துண்டு.

உங்களுக்கும் பயன்படுகிற ஒன்று சொல்கிறேன். லூப் கார்ப்பெட்டின் வழியாக ட்ரில் போடவே போடாதீர்கள். பிட் ஒரு நூலைக் கவ்விவிட்டால் சுற்றி இழுத்துக்கொண்டு ஒரு முழம் வரை கோடாகப் பிரித்துவிடும். சீட் ரெயில் போல்ட், பூட் வளைய ஸ்க்ரூ எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து குத்தூசியைக் குத்தி மேலே இடத்தைக் கண்டுபிடித்து, சூடான சால்டரிங் அயர்னால் ஓட்டை போடுங்கள். நூல் உருகி ஓரம் தானாகவே அடைபட்டுவிடும்.

ரெக்சின்_ராஜா (மதுரை)

மாணிக்கம் அண்ணா, சால்டரிங் அயர்ன் எல்லாத் துணிக்கும் ஆகாது. நைலான், பாலிப்ரொப்பிலீன் என்றால் உருகும். நீங்களே சொன்ன அந்த எண்பது பங்கு ரேயான் உருகாது, கருகும். ஒரு நூலைப் பிய்த்துத் தீக்குச்சியில் காட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். உருகி முத்து மாதிரி திரண்டால் அயர்ன் போடலாம், காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானால் சின்னக் கூட்டல் வெட்டுதான். ட்ரில் விஷயத்தில் மறுபேச்சே இல்லை.

பாண்டி_அம்பாசடர் (புதுச்சேரி)

அடியில் என்ன போடப்போகிறீர்கள் என்று யாரும் பேசவில்லையே. சணல் ஃபெல்ட் போட்டால் என் வண்டிக்கு நேர்ந்ததுதான். இதைப் பேசாமல் மேலே பைப்பிங் பற்றிப் பேசி என்ன பிரயோஜனம்?

லெஸ்டர்_அண்ணை (இங்கிலாந்து)

பாண்டி அண்ணை சொல்வது நியாயம். ஆனால் சணல் மேல் முழுப் பழியும் போட வேண்டாம். இங்கே நான் பார்த்த நல்ல வண்டிகள் பலவற்றில் சணல்தான், தண்ணி உள்ளே வராத வண்டி என்றால் அது காலத்துக்கும் கிடக்கும். சத்தத்துக்கும் அதுதான் நல்லது. தண்ணி வந்தால்தான் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பாண்டி_அம்பாசடர் (புதுச்சேரி)

அண்ணை, அது உங்கள் ஊர் கணக்கு. இங்கே தண்ணீர் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை, காற்றிலேயே இருக்கிறது. ஐப்பசி மாதத்தில் பூட்டிய வண்டியைத் திறந்தால் வாடை அடிக்கும். தண்ணீர் குடிக்காத ஃபோம் போடுங்கள். மூடிய செல் ஃபோம் என்று கேட்டால் ஏசி குழாய்க்குச் சுற்றுகிற கடையிலேயே ஷீட்டாகக் கிடைக்கும்.

பட்டறை_பழனி (கோவை)

நான் பாண்டி சார் பக்கம். மேட்டின் உள்பக்கம், அதாவது கியர்பாக்ஸைப் பார்க்கிற பக்கம், அலுமினியத் தாள் ஒட்டிய ஷீட். சூடு அங்கேயே திரும்பிவிடும். தரைக்கு ஐந்து மில்லிமீட்டர் ஃபோம். கியர் ஓட்டையைச் சுற்றி மூன்று விரல் அகலத்துக்கு ஒன்றும் வேண்டாம், வெறும் கார்ப்பெட் மட்டும். ஏன் என்பது பூட் மாட்டும்போது தெரியும்.

ஹெரால்டு_66 (குரோம்பேட்டை)

ஒரு வழியாக நிறைய நகர்ந்திருக்கிறது. பெருங்குடியில் ஒருவர் ஃபைபர் கவர் செய்து கொடுத்தார், முன் ஓரத்தை மட்டும் தேய்க்க வேண்டியிருந்தது. விண்ட்ஸ்கிரீன் ரப்பர் புதிது. மேட்டுக்கு மூன்று துண்டு, கறுப்பு லூப், சாம்பல் கலர் பைப்பிங், ராஜா சொன்னபடி தாளில் வெட்டிக் கொடுத்துவிட்டேன், குஷன் கடைக்காரரே ஆச்சரியப்பட்டார். வேலூர் மேடம் சொன்ன மாதிரி முதுகுக்கு மட்டும் ஃபெவிகால் எஸ்.ஆர். 998 பசை, பக்கங்கள் தொங்கல். கால் வைக்கிற தரைத் துண்டுகள் இரண்டும் தனி, மேட்டின் தொங்கல் மேல் ஏறி உட்காரும், டிச் பட்டன் போட்டுப் பிடித்திருக்கிறேன்.

பார்க்க நன்றாக இருக்கிறது. சிக்கல் ஒன்று. புது ரப்பர் பூட் மாட்டிய பிறகு இரண்டாவது கியரில் காலை எடுத்தால் ராடு தானாக நியூட்ரலுக்கு வழுக்கி வருகிறது. முன்பு இப்படி இல்லை. கியர்பாக்ஸ் போய்விட்டதா?

பட்டறை_பழனி (கோவை)

பயப்படாதே. பூட்டைக் கழற்றிவிட்டு ஒரு தெரு ஓட்டு. கியர் நின்றால் பெட்டி நல்லாயிருக்கிறது, பூட்தான் தள்ளுகிறது.

புது ரப்பர் விறைப்பாக இருக்கும். அதற்கு அடியில் கார்ப்பெட், மடித்த நாக்கு எல்லாம் சேர்ந்து வளையத்தை உயர்த்திவிட்டிருக்கும். இரண்டாவதிலும் நாலாவதிலும் ராடு பின்னால் வரும், அப்போது பூட்டின் பின்மடிப்பு நசுங்கி ஸ்பிரிங் மாதிரி முன்னால் தள்ளும். அதோடு, ஆக்சிலரேட்டரை விடும்போது எஞ்சின் மவுண்டில் எஞ்சினும் பெட்டியும் சேர்ந்து சாயும், ராடும் அதோடு ஆடும். ராடு நிற்கிற நிலையில் ஓட்டைக்குள் இடம் இருக்கிறது என்பது போதாது, ஆடுகிற நிலையிலும் இருக்க வேண்டும். பின்பக்க நாக்கை மட்டும் அடியில் மடிக்காமல் வெட்டி எடு. ஓட்டையின் பின் விளிம்பை அரை விரல் கூட்டு. பூட்டை வெந்நீரில் போட்டு மென்மையாக்கி, ராடு நியூட்ரலில் இருக்கும்போது வளையத்தை முடுக்கு. அப்புறம் வண்டியை நிறுத்தி வைத்து நாலு கியரும் ரிவர்ஸும் போட்டுப் பார், எந்த இடத்திலும் ரப்பர் இழுபட்டு விறைக்கக் கூடாது.

வேலூர்_கெஸல் (வேலூர்)

அதைச் சரி செய்கிற நேரத்திலேயே ஆக்சிலரேட்டரையும் பாருங்கள், இதை யாரும் சொல்லவில்லை. கார்ப்பெட்டும் ஃபோமும் சேர்ந்தால் தரை ஒரு விரல் உயர்ந்துவிடுகிறது. ஒருவரை பானெட்டைத் திறந்து கார்புரேட்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு நீங்கள் பெடலைக் கடைசிவரை மிதியுங்கள், த்ராட்டில் முழுக்கத் திறக்கிறதா என்று அவர் சொல்வார். அது பாதிப் பிரச்சினைதான். பெரிய ஆபத்து வேறு: மேட்டின் வலது கன்னத்தில் தொங்கவிட்ட ஓரம் உள்பக்கம் சுருண்டு பெடலின் மேல் விழுந்தால் பெடல் திரும்பி வராது. அந்தப் பக்கத்து ஓரத்துக்கு மட்டும் பெடலுக்கு நேராக இரண்டு டிச் பட்டன் அதிகமாகப் போடுங்கள். தரைத் துண்டு முன்னால் நகராமல் இருக்கவும் பட்டன் வேண்டும், மேலே இன்னொரு ரப்பர் மேட்டைச் சும்மா போட்டுவிடாதீர்கள்.

ஹெரால்டு_66 (குரோம்பேட்டை)

பூட் இல்லாமல் ஓட்டினேன், இரண்டாவது கியர் அப்படியே நின்றது. பின்நாக்கை வெட்டி, விளிம்பைக் கூட்டி, வெந்நீர் வைத்தியமும் செய்தாயிற்று. இப்போது வழுக்கவில்லை. த்ராட்டில் கடைசி கொஞ்சம் திறக்காமல்தான் இருந்தது, பெடலுக்கு நேர் கீழே ஃபோமை மட்டும் வெட்டி எடுத்ததும் சரியாகிவிட்டது. வலது பக்கத்துக்குப் பட்டனும் போட்டுவிட்டேன்.

கடைசியாக ஒன்று: கதவுப் படியில் கார்ப்பெட் முடிகிற இடத்துக்கு என்ன போடுவது? குஷன் கடைக்காரர் கதவு ரப்பருக்கு அடியில் சொருகிவிடலாம் என்கிறார்.

ரெக்சின்_ராஜா (மதுரை)

ரப்பருக்கு அடியில் வேண்டாம், கார்ப்பெட் திரி மாதிரி வெளித் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு வரும். ரப்பருக்கு உள்பக்கமாகவே நிறுத்தி, ஓரத்தை ரெக்சின் பட்டையால் தைத்து, மேலே அலுமினிய ஸ்டிரிப் வைத்து ஸ்க்ரூ போடுங்கள். ஸ்டிரிப்பை அடிப்பதற்கு முன் சீட்டை ஏற்றிவிடுங்கள், இல்லையென்றால் சீட் ரெயில் உரசி முதல் நாளே கோடு விழும். ரெயில் போல்ட்டையும் பாருங்கள், கார்ப்பெட் தடிமனால் பழைய போல்ட் இரண்டு மூன்று மரைதான் பிடிக்கும். கொஞ்சம் நீளமானதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பாண்டி_அம்பாசடர் (புதுச்சேரி)

அந்த ஏசி கடை ஃபோம் எத்தனை மில்லி வாங்கினீர்கள், மேட்டுக்கும் அதேதானா? ஐஎஸ்இசட்டுக்குப் போடலாமா என்று யோசிக்கிறேன்.

ஹெரால்டு_66 (குரோம்பேட்டை)

தரைக்கு ஐந்து மில்லி, மேட்டின் கன்னங்களுக்கு மூன்று மில்லி சார். முதுகுக்கு ஒன்றும் போடவில்லை. மிச்சம் ஒரு ஷீட் இருக்கிறது, வேண்டுமென்றால் சொல்லுங்கள், அடுத்த வாரம் அந்தப் பக்கம் வருகிறேன்.